தோள்பட்டை அறுவைக்குப் பிறகு கையை எப்போது அசைக்கலாம், எப்போது தூக்கலாம்?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 57 வயது. வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருந்தது, சிறு துளை போட்டுத் தைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. சர்க்கரை உண்டு. ஆறு வாரம் வரை கையைத் தாங்கும் ஸ்லிங் போட்டே இருக்க வேண்டும், கையைத் தானாகத் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். 'இப்படியே வைத்திருந்தால் தோள் இறுகிப் போய்விடும், எனக்கு அசைத்து அசைத்துத்தான் சரியானது' என்கிறார் சித்தி. பக்கத்துக் கிளினிக்கில் இப்போதே கயிறு இழுக்கும் புல்லிப் பயிற்சி ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். வலியும் இப்போது பெரிதாக இல்லை. யார் பேச்சைக் கேட்பது? அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மறுபடி எப்போது மெஷினில் உட்காரலாம்?"

டாக்டர் பேச்சைக் கேளுங்கள். சித்தி சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அவருக்கு இருந்த நோய் வேறு, அம்மாவுக்கு நடந்தது வேறு. நான் பிசியோதெரபிஸ்ட். தோள் அறுவை முடிந்து வருகிறவர்களோடுதான் என் நாளில் பாதி போகிறது. இந்தக் கேள்வியை ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் கேட்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். தோள் மூட்டைச் சுற்றி நான்கு சிறு தசைகள் உண்டு. அவற்றின் நுனிகள் தசைநாண்களாகி, மேற்கை எலும்பின் தலையை ஒரு உறை போலப் போர்த்தி அதில் ஒட்டியிருக்கின்றன. இந்தப் போர்வைக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். கையைத் தூக்கும்போது எலும்பின் தலை மேலே நழுவிவிடாமல் குழியின் நடுவில் பிடித்து வைப்பது இதன் வேலை. நான்கில் மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். பெரும்பாலும் கிழிவது அதுதான். அறுவையில் எலும்புக்குள் ஆங்கர் என்கிற சிறு ஆணிகளை இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூலால் கிழிந்த தசைநாணை எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அத்தோடு டாக்டரின் வேலை முடிந்தது. ஒட்ட வைக்கும் வேலையை அம்மாவின் உடம்புதான் செய்ய வேண்டும். அதுவரை தசைநாணைப் பிடித்திருப்பது நூல் மட்டுமே.

உடம்பு அந்த வேலையை அவசரமாகச் செய்வதில்லை. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. முதல் வாரத்தில் வீக்கமும் அழற்சியும் இருக்கும். அடுத்த சில வாரங்களில் தழும்புத் திசு உருவாகி எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பும். அந்தத் திசு இழுவிசையைத் தாங்கும் அளவுக்குக் கெட்டிப்படவே சுமார் மூன்று மாதம் ஆகும். முதிர்ச்சி அடைவது அதற்குப் பிறகும் பல மாதங்கள் நடக்கும். மேல் தளம் கான்கிரீட் போட்ட மறுநாளே காய்ந்ததுபோலத் தெரியும், மேலே நடக்கவும் முடியும். அதற்காக யாரும் கீழே கொடுத்த முட்டுக் கம்புகளைப் பிரித்துவிடுவதில்லை. அம்மாவின் ஸ்லிங் அந்த முட்டு.

வலி இல்லையே என்கிறீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அறுவைக்குப் பிறகு வரும் வலி தோல், தசை, மூட்டு உறை ஆகியவை காயப்பட்டதாலும் உள்ளே இருக்கும் வீக்கத்தாலும் வருவது. மூன்று நான்கு வாரத்தில் அது தணியத்தான் செய்யும். தசைநாண் ஒட்டியதற்கு அது அடையாளம் ஆகாது. இன்னும் சொன்னால், தையல் மறுபடி விட்டுப் போகும்போதும் பலருக்குப் பெரிதாக வலிப்பதில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது. அப்படி விட்டுப் போவது பெரும்பாலும் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நடக்கிறது. அதனால் வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த அறுவைக்கு நாள்காட்டிதான் வழிகாட்டி.

சித்திக்கு இருந்தது அநேகமாக ஃப்ரோசன் ஷோல்டர். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வருவது. அதில் எதுவும் கிழிவதில்லை. மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிக்கொள்கிறது. அதைப் பொறுமையாக நீட்டிக் கொடுப்பதே வைத்தியம் என்பதால் அசைத்து அசைத்துச் சரியானது என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த இறுக்கத்தை விடுவிக்க அறுவை செய்தவர்களைக்கூட அன்றைக்கோ மறுநாளோ கையை அசைக்கச் சொல்வோம், விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அங்கே எதையும் தைக்கவில்லை, அம்மாவுக்குத் தைத்திருக்கிறது. இரண்டுக்கும் முதல் ஆறு வாரம் நேர் எதிர்.

ஆகவே யார் எந்தப் பயிற்சியைச் சொன்னாலும் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வையுங்கள். எந்தத் தசைநாண், கிழிசல் எவ்வளவு பெரியது, எத்தனை ஆங்கர், மேற்கையின் முன்பக்கத்து பைசெப்ஸ் தசையின் நாணில் ஏதாவது செய்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். பைசெப்ஸ் நாணை இடம் மாற்றித் தைத்திருந்தால், முழங்கையைத் தன் பலத்தில் மடக்குவதையும் அந்தக் கையால் எதையும் பிடித்துத் தூக்குவதையும் சுமார் ஆறு வாரம் தவிர்க்க வேண்டும். கஃபின் முன்பக்கத்துத் தசையான சப்ஸ்கேபுலாரிஸைத் தைத்திருந்தால் கையை வெளிப்பக்கம் திருப்புவதற்கு ஒரு எல்லை வைத்திருப்பார்கள். கபடியிலோ கிரிக்கெட்டிலோ தோள் கழன்று கழன்று விழுந்து, குழியின் விளிம்பில் கிழிந்ததைச் சேர்க்கும் பாங்கார்ட் தையல் போட்டுக்கொண்ட இளைஞர்களுக்கு ஆபத்தான நிலை வேறு: பந்து எறியும்போது கை மேலே போய் வெளியே திரும்புகிறதே, அது. மூட்டு மாற்று செய்த முதியவர்களுக்கு, குறிப்பாக பந்தும் குழியும் இடம் மாறி வைக்கப்படும் ரிவர்ஸ் வகை என்றால், கையைப் பின்னால் இடுப்புக்குக் கொண்டுபோவதே மூட்டு நழுவக் காரணமாகலாம். 'தோள் ஆபரேஷன்' என்ற ஒரே பெயரில் இத்தனை வகை இருக்கிறது. சம்மரியைக் கேட்காமலேயே பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இறுக்கம் வந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆறு வாரம் கட்டி வைத்த தோள் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். ஆனால் இரண்டு கெடுதல்களை எடை போட்டுப் பாருங்கள். இறுகிய தோளைப் பயிற்சியால் மீட்க முடிகிறது. சீக்கிரம் அசைத்தவர்களையும் தாமதமாக அசைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், முதல் சில மாதங்களில் சீக்கிரம் அசைத்தவர்களின் கை அதிகம் உயர்கிறது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிழிசல் பெரிதாக இருந்தவர்களுக்கோ, சீக்கிரம் அசைத்தால் தையல் விட்டுப் போகும் அபாயம் கூடலாம். விட்டுப் போன தசைநாணை மறுபடி தைப்பது முதல் தடவை தைப்பதைவிடக் கடினம், பலனும் குறைவு. அதனால் கொஞ்சம் இறுக்கத்தோடு ஆறாவது வாரம் வருகிற நோயாளியைப் பார்த்து நான் கவலைப்படுவதில்லை. ஐந்தாவது வாரமே "பாருங்க, தலைக்கு மேலே போகுது" என்று தூக்கிக் காட்டுகிறவரைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவதும் அதிகம், தசைநாண் ஒட்டுவதும் மெதுவு. இரண்டு பக்கமும் இடி. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "சர்க்கரை இருக்கிறதே, பிறர் உதவியோடு செய்யும் மெல்லிய அசைவை இப்போதே ஆரம்பிக்கலாமா, எந்த உயரம் வரை?" என்று நேராகக் கேளுங்கள். கிழிசல் சிறிதாக இருந்தால் அவர் அனுமதிக்கலாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இந்த அறுவையின் பலனைக் காப்பதில் பயிற்சிக்கு இணையான பங்கு வகிக்கிறது. வீட்டில் வேறு யாராவது இதே அறுவைக்குப் போனால் புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தசைநாண் ஒட்டுவதைக் கெடுக்கிறது.

இப்போது, மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அம்மா சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. விரல்களை இறுக்கி மூடித் திறப்பது, மணிக்கட்டை நாலு பக்கமும் அசைப்பது, பைசெப்ஸில் கை வைக்கவில்லை என்றால் ஸ்லிங்கைத் தளர்த்தி, மேற்கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி முழங்கையை மடக்கி நீட்டுவது, கழுத்தை மெதுவாகத் திருப்புவது, இவற்றை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை செய்யலாம். ஸ்லிங்கிலேயே கிடக்கும் முழங்கை நீட்ட முடியாமல் போவதும், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவதும் சர்வசாதாரணம். மோதிரத்தையும் வளையலையும் இன்னும் கழற்றவில்லை என்றால் இன்றே கழற்றிவிடுங்கள். பிறகு முதுகுப் பலகை எலும்புகள் இரண்டையும் பின்னால் மெல்லச் சேர்த்து ஐந்து எண்ணி விடும் பயிற்சி. இதைக் கை அசையாமலேயே செய்யலாம். பெரும்பாலான டாக்டர்கள் இதை அனுமதிப்பார்கள்.

ஊஞ்சல் போலக் கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். காட்மேன் பயிற்சி என்பார்கள். கிழிந்த தசைநாணைத் தைப்பதை நூறு வருடங்களுக்கும் முன்பே செய்து எழுதிவைத்த பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் அவர். எளிமையான பயிற்சிதான், ஆனால் பெரும்பாலும் தப்பாகவே செய்யப்படுகிறது. நல்ல கையை மேஜையில் ஊன்றி, இடுப்பை மடக்கிக் குனிந்து, அறுவை செய்த கையை உயிரில்லாததுபோலத் தொங்கவிட வேண்டும். பிறகு ஆட வேண்டியது உடம்பு. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றினால் கை அதன் போக்கில் ஆடும். கையையே சுழற்றினால், அதுவும் பெரிய வட்டமாகச் சுழற்றினால், தைத்த தசைநாண் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். வட்டம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அம்மா செய்யும்போது மேற்கைத் தசையை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தளர்வாக, கொழகொழவென்று இருந்தால் சரி. கெட்டியானால் அவர் கையைத் தானே ஆட்டுகிறார் என்று அர்த்தம்.

அந்தக் கிளினிக்கில் சொன்ன புல்லி இப்போது வேண்டாம். நல்ல கை கயிற்றை இழுக்க, அறுவை செய்த கை சும்மா மேலே வர வேண்டும் என்பது அதன் கணக்கு. நடைமுறையில் யாருக்கும் கை சும்மா வருவதில்லை. தெரியாமலேயே அந்தக் கையும் சேர்ந்து தூக்கும், கீழே இறக்கும்போது இன்னும் அதிகமாக வேலை செய்யும். ஆறு வாரம் கழித்து அதே புல்லி நல்ல கருவி. கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் இவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலியைக் கொஞ்ச நேரம் குறைக்க கரண்ட் உதவலாம். தசைநாணை ஒட்ட வைக்க இவை எதுவும் உதவாது. தினமும் ஆட்டோ பிடித்துப் போய் இருபது நிமிடம் கரண்ட் வைத்துக்கொண்டு, பயிற்சி எதுவும் கற்காமல் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. காசும் போகிறது, அதைவிட முக்கியமான வாரங்களும் போகின்றன. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன், சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் தோளைத் தொடவே விடாதீர்கள். ஆறிய தழும்பை விரல் நுனியால் மெல்ல நீவுவது மட்டும் நல்லது.

அன்றாட வாழ்க்கைதான் இந்த ஆறு வாரத்தில் பெரிய பாடு, அதைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. தூக்கத்தில் ஆரம்பிக்கிறேன். மல்லாந்து தட்டையாகப் படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து தையலை இழுக்கும், நடு ராத்திரியில் வலி எழுப்பும். முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தாற்போலப் படுக்க வைத்து, முழங்கைக்கு அடியில் மடித்த போர்வையோ சிறு தலையணையோ கொடுங்கள். படுத்தபடி கீழே பார்த்தால் முழங்கை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறது. ஸ்லிங் ராத்திரியும் இருக்கட்டும்.

குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றலாம். கையைத் தூக்கி அக்குளைக் கழுவக் கூடாது. காட்மேன் பயிற்சிக்குக் குனிவதுபோலவே குனிந்தால் கை தானாக உடம்பை விட்டு விலகும், அந்த இடைவெளியில் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றிக் காய வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஸ்லிங்குக்குள் வேர்த்து அக்குள் புண்ணாகிவிடுவது நிறைய நடக்கிறது. உடை மாற்றும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டியும், தளர்வான, முன் ஊக்கு வைத்த ரவிக்கையும் போதும். பின்பக்கம் ஊக்கு வைத்த எதையும் மூன்று மாதத்துக்கு அலமாரியில் வைத்துவிடலாம். தலை பின்னுவது, கொண்டை போடுவது உங்கள் வேலை.

சாப்பாடு வலது கை ஆயிற்றே. முதல் வாரங்களில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடச் சொல்கிறோம். பெரியவர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. சில அம்மாக்கள் அதற்காகவே குறைவாகச் சாப்பிட்டு இளைத்துப் போகிறார்கள். டாக்டர் அனுமதித்தால், முழங்கையை மேஜையில் ஊன்றி, கையைத் தூக்காமல் வாயைத் தட்டருகே கொண்டுபோய் வலது கையாலேயே சாப்பிடலாம். இட்லி, தோசை போல ஒரு கையால் பிய்க்கக்கூடியதாகக் கொடுங்கள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இடது தோளில் அறுவை என்றால், கழிப்பறையில் கழுவுவதற்கு இடது கையைப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். அந்த நிலை தைத்த தசைநாணை நேராக இழுக்கும். கையில் பிடிக்கும் பீச்சுக் குழாயைப் பொருத்தி வலது கையால் சமாளியுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த ஒரு காரியத்தால் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆறாவது வாரம் டாக்டர் பார்த்து ஸ்லிங்கைக் கழற்றச் சொன்ன பிறகு, கையைத் துணையோடு தூக்கும் கட்டம். நான் முதலில் கொடுப்பது மேஜைப் பயிற்சி. வழவழப்பான சாப்பாட்டு மேஜை முன் அம்மாவை நாற்காலியில் உட்கார வையுங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு சின்னத் துண்டை மடித்துப் போடுங்கள். கையை முன்னால் தள்ளச் சொல்லாதீர்கள், உடம்பை முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். உடம்பு சாயச் சாயத் துண்டு வழுக்கிக்கொண்டு போகும், கையின் எடை முழுவதையும் மேஜை தாங்கும். இறுகுகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சு விட்டு, திரும்பி வர வேண்டும். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இது பழகியதும் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையின் பலத்தில் தலைப்பக்கம் கொண்டுபோகும் பயிற்சி. அப்புறம் சுவரில் விரலால் ஏறுவது, புல்லி.

உட்கார்ந்தோ நின்றோ தன் பலத்தில் கையைத் தூக்க ஆரம்பிக்கும் நாளில் கண்ணாடி முன் நிறுத்துங்கள். கை தலைக்கு மேல் போகும் 180 டிகிரியில் சுமார் 120 டிகிரி தோள் மூட்டிலிருந்தும் 60 டிகிரி முதுகுப் பலகை எலும்பு சுழல்வதிலிருந்தும் வருகிறது. தைத்த தசை பலவீனமாக இருக்கும்போது உடம்பு குறுக்கு வழி தேடும். தோள்பட்டை முழுவதையும் காது வரைக்கும் குறுக்கி ஏற்றிவிட்டு, கை தூக்கியாயிற்று என்று கணக்குக் காட்டும். கண்ணாடியில் வலது தோள் காதை நோக்கிக் கிளம்புவது தெரிந்த கணத்தில் நிறுத்த வேண்டும். அன்றைக்கு அதுதான் எல்லை. தோள் கிளம்பாமல் மார்பு உயரம் வரை தூக்குவது, கிளம்பித் தலை வரை தூக்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இதைச் சரிசெய்யாமல் விட்டால் பழக்கமாகிவிடும். வருடக்கணக்கில் அப்படியே தூக்கிக்கொண்டு, கழுத்து வலியோடு வருகிறவர்கள் உண்டு. படுத்த நிலையில் முழங்கையை மடக்கித் தூக்கினால் சுமை குறைவு. அங்கே தொடங்கி, சாய்ந்த நிலைக்கு வந்து, கடைசியாக நின்று செய்வது நல்ல வரிசை.

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரையுள்ள காலத்தைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்ப்பேன். ஸ்லிங் இல்லை, வலி இல்லை, வீட்டில் எல்லோருக்கும் ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். குக்கரைத் தூக்கி இறக்குவது, குடத்தை இடுப்பில் வைப்பது, பக்கெட்டை இழுப்பது, பரணிலிருந்து டப்பா எடுப்பது, ஓடும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது, பேரப்பிள்ளை ஓடி வரும்போது அள்ளித் தூக்குவது என்று எல்லாம் இந்த வாரங்களில்தான் திரும்புகிறது. இந்தக் கட்டத்தில் அம்மா கையைத் தூக்கலாம், ஆனால் அந்தக் கையால் சுமக்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை உடம்பை விட்டு நீட்டி வைத்து எடுக்கும் சிறு எடைகூடத் தோளுக்குப் பெரிய சுமை. பஸ்ஸில் போவதைத் தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள். டிரைவர் பிரேக் அடித்ததும் கை தானாகக் கம்பிக்குப் போகும், யாராலும் தடுக்க முடியாது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் நீட்சியும் இந்தக் கட்டத்தின் கடைசியில், டாக்டரோ தெரபிஸ்ட்டோ சொன்ன பிறகுதான்.

பலம் ஏற்றும் பயிற்சி மூன்று மாதம் ஆன பிறகு. கிழிசல் பெரிதாக இருந்திருந்தால் இன்னும் தாமதமாக. முதலில் அசையாமல் சுவரை அழுத்தும் பயிற்சிகள். பிறகு ரப்பர் பட்டை. கிடைக்கிற பட்டைகளில் பெரும்பாலும் மஞ்சள் லேசானது, அடுத்து சிவப்பு, பச்சை என்று இறுக்கம் கூடும். மஞ்சளிலிருந்து ஆரம்பியுங்கள். கதவுக் கைப்பிடியில் பட்டையைக் கட்டி, முழங்கையை மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை வெளியே திருப்பும் பயிற்சி முக்கியமானது. துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகுகிறது, அதாவது தப்பான தசை வேலை செய்கிறது. வலி எவ்வளவு வரலாம் என்று கேட்பார்கள். பத்துக்கு மூன்று நான்குக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

தெரபிஸ்ட்டிடம் தினமும் போக வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. முதல் ஆறு வாரத்தில் செய்வது சரியா என்று பார்க்க எப்போதாவது, அதன்பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. மற்றபடி வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். ஒரே வேளையில் ஒரு மணி நேரம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். கையைப் பிடித்துப் பலத்தோடு தள்ளி, நோயாளி கத்தக் கத்த உயர்த்துகிற சிகிச்சையை நான் ஒத்துக்கொள்வதில்லை. தைத்த தோளில் அது வைத்தியமே இல்லை.

இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்காதீர்கள்: காய்ச்சல், துளை போட்ட இடத்தில் சிவப்பு, சீழ் அல்லது நீர்க் கசிவு, திடீரென்று 'டப்' என்ற சத்தமும், நேற்று வரை உயர்ந்த கை இன்று உயராமல் போவதும், விரல்கள் மரத்துப் போவது, நிறம் மாறுவது, உள்ளங்கை முழுவதும் வீங்கி எரிந்து, தொட்டாலே தாங்க முடியாத வலி, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல். கடைசியாகச் சொன்னதற்கு நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி தையல். நல்ல செய்தி, தையல் வேலை தோளுக்கு மோசமான வேலை இல்லை. கை முன்னால், மேஜை உயரத்தில், தாங்கலோடு இருக்கிறது. ஸ்லிங் கழற்றிய பின் முதலில் மடியில் வைத்துச் செய்யும் ஊக்கு வைப்பது, ஹெம்மிங் பண்ணுவது போன்றவற்றைப் பத்துப் பதினைந்து நிமிடம் செய்து பார்க்கட்டும். மெஷினில் உட்கார எல்லாம் நன்றாகப் போனால் பத்திலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். ஆனால் அம்மாவிடம் இருப்பது கால் மெஷினா, மோட்டார் போட்டதா என்று பாருங்கள். கால் மெஷினில் ஒவ்வொரு முறை ஓட்டத் தொடங்கும்போதும் வலது பக்கச் சக்கரத்தை வலது கையால்தான் தட்டிவிட வேண்டும். முழங்கையை வெளியே விரித்து, தோளைத் தூக்கி, வெடுக்கென்று தள்ளுகிற அசைவு அது. ஒரு நாளில் அது நூற்றுக்கணக்கில் நடக்கும். மோட்டார் மாட்டிவிடுங்கள், அல்லது நான்கு மாதம் வரை பொறுக்கச் சொல்லுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தினால் முழங்கை உடம்போடு ஒட்டியே இருக்கும்.

துணி வெட்டுவது வேறு கதை. கனமான கத்தரியைப் பிடித்துக் கையை முழுதாக நீட்டி வெட்ட வேண்டும், அதுவும் தரையில் விரித்து வெட்டுகிறவர் என்றால் அந்தக் கையை ஊன்றி எழவும் செய்வார். நான்கு மாதம் வரை வெட்டுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பிறகு இடுப்பு உயர மேஜையில் வெட்டட்டும். பழைய கனமான இஸ்திரிப் பெட்டியைக் கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள், ஆறாவது மாதம் டாக்டர் பலத்தைச் சோதித்துப் பார்த்த பிறகு. தீபாவளி ஆர்டர் வந்திருக்கிறது என்று அவசரப்பட்டால், பிளவுஸ்களை வெட்டித் தரச் சொல்லி வேறு டெய்லரிடம் கொடுத்து, தைப்பதை மட்டும் அம்மா வைத்துக்கொள்ளலாம்.